நாலடித் தொட்டியில் ஆப்பிரிக்கன் சிக்லிட்: மீனுக்கு முன்பு தண்ணீரும் கல்லும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். ஹாலில் வைக்க நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி சொல்லியிருக்கிறீர்கள். வீடு சென்னையில், போர் தண்ணீர், டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 650. குடிக்க ஆர்.ஓ. இருக்கிறது. கடைக்காரர் 'மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்' என்று இருபத்தைந்து குஞ்சுகள் தருவதாகச் சொல்கிறார். பத்து நாளில் பையனுக்குப் பிறந்தநாள், அன்றைக்கே மீன் விட வேண்டும் என்று ஆசை. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா, என்ன மீன், எத்தனை மீன் என்று கேட்கிறீர்கள்.

தொட்டியின் அளவு சரியானது. உங்கள் தண்ணீரும் இந்த மீனுக்குப் பொருந்தும். ஆனால் பத்தாம் நாள் மீன் விடாதீர்கள், அந்த மிக்ஸ்டு குஞ்சுகளை வாங்கவே வாங்காதீர்கள். பதினாலு வருடமாக இந்த மீன்களை வளர்க்கிறேன். புதிதாகத் தொடங்கிய பலருடைய தொட்டிகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இழந்த மீன்களில் பெரும்பாலானவை முதல் ஆறு வாரத்தில் தண்ணீரால் செத்தவை. மீதி, ஓராண்டு கழித்து ஒன்றையொன்று கொன்றவை. இரண்டுமே மீன் வருவதற்கு முன்பு நாம் எடுக்கிற முடிவுகளில் இருக்கிறது. அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

'ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று கடையில் ஒரே பெயராகச் சொன்னாலும் அது ஒரு மீன் இல்லை, ஒரு பெரிய குடும்பம். நம் ஊர் ஏரியில் பிடித்துக் குழம்பு வைக்கிற ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கன் சிக்லிட்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு எந்தக் குளத்தையும் விடாமல் பரவிவிட்டது. தொட்டிக்காக வளர்க்கிற வண்ண மீன்கள் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று பெரிய ஏரிகளைச் சேர்ந்தவை: மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா. கடைகளில் அதிகம் வருவது மலாவி மீன்கள். மலாவி, மொசாம்பிக், தான்சானியா என்று மூன்று நாடுகள் அந்த ஏரியின் கரையில் இருக்கின்றன. 550 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 700 மீட்டருக்கு மேல் ஆழம். பல நூறு சிக்லிட் இனங்கள் அந்த ஒரே ஏரியில் உண்டு, பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. ஏரியின் தென்பகுதியில் உள்ள தேசியப் பூங்காவை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்த மீன்கள்தான் முக்கியக் காரணம்.

அந்த ஏரிக்குள்ளேயே வாழ்க்கை வேறு வேறு. கரையோரப் பாறைகளை விட்டு நகராத கூட்டத்தை அங்குள்ள டோங்கா மொழியில் 'ம்பூனா' என்கிறார்கள், பாறை மீன் என்று பொருள். பாறை மேல் படிந்திருக்கும் பாசியையும் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்களையும் நாள் முழுக்கச் சுரண்டித் தின்பவை இவை. மணல்வெளியில் இரை தேடுகிற பீகாக் வகை வேறு, நடுநீரிலும் பாறை இடுக்கிலும் சின்ன மீன்களை வேட்டையாடுகிற வகைகள் வேறு. சாப்பாடும் குணமும் வேறாக இருப்பதால் இவற்றை ஒரே தொட்டியில் போட்டால் பீகாக் போன்ற சாதுவான மீன் மூலையில் ஒதுங்கி, நிறம் மங்கி, இளைத்துப் போகும். 'ஒரே ஏரி மீன்தானே' என்று கடையில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். உங்கள் நாலடித் தொட்டிக்கு ம்பூனா மட்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நிறமும் சுறுசுறுப்பும் இதில்தான் அதிகம், தடித்த உடம்பு, நம் ஊரில் குஞ்சுகளும் கிடைக்கின்றன.

இப்போது தண்ணீர். மலாவி ஏரியின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.7 முதல் 8.6 வரை. மேல்மட்டத்தில் வெப்பம் 24 முதல் 29 டிகிரிக்குள். கே.எச். என்று சொல்கிற கார்பனேட் கடினத்தன்மை ஏறக்குறைய 7 டிகிரி. ஆனால் மொத்த டி.டி.எஸ். 200 பி.பி.எம். அளவுக்குள்தான். அதாவது உப்பு நிறைந்த நீர் இல்லை, காரத்தன்மை நிலையாக நிற்கிற நீர். 'சிக்லிட்டுக்குக் கடின நீர் வேண்டும்' என்பதைக் கேட்டுவிட்டு, 2000 டி.டி.எஸ். உள்ள கடலோரப் போர் தண்ணீரையும் சிலர் ஊற்றிவிடுகிறார்கள். அது வேறு. உங்கள் 650 அந்த வகையில்லை. சென்னையைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நீரில்தான் வளர்கின்றன. கே.எச். எவ்வளவு என்று மட்டும் சொட்டு மருந்து கிட் வாங்கிப் பாருங்கள். 6-க்கு மேல் இருந்தால் ஒன்றும் கலக்க வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணீரால் தொட்டியை நிரப்பக் கூடாது. கே.எச். ஏறக்குறைய இல்லாத நீர் அது. மீன் கழிவை பாக்டீரியா சிதைக்கும்போது அமிலம் உண்டாகிறது. அதை விழுங்கிச் சமாளிப்பது கே.எச்.தான். அது தீர்ந்துபோனால் ஓர் இரவில் பி.எச். இறங்கிவிடும், காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கும். சரி, ஆர்.ஓ.வுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. வெயில் காலத்தில் தொட்டி நீர் தினமும் ஆவியாகிக் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். அதற்குப் போர் தண்ணீரையே சேர்த்து நிரப்பிக்கொண்டு வந்தால் 650 என்பது ஏறிக்கொண்டே போகும். குறைந்த மட்டத்தை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ., வாராந்திர நீர் மாற்றத்துக்குப் போர் தண்ணீர். இந்த முறையை வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக நிற்கும்.

போர் தண்ணீரை நேராகத் தொட்டியில் விடாமல் ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் கல் போட்டு ஒரு நாள் வையுங்கள். நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். பைப்பில் பிடித்தவுடன் பி.எச். 7.2 காட்டுகிற அதே தண்ணீர் மறுநாள் 8.1 காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இரும்பு கலந்திருந்தால் அதுவும் பழுப்பாக அடியில் படிந்துவிடும். லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ பிடிக்க நேர்ந்தால் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். கே.எச். குறைவாக உள்ள தண்ணீர் கிடைத்தவர்கள் சமையல் சோடா சேர்க்கலாம். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். சுமார் ஒரு டிகிரி ஏறும். மீன் இருக்கிற தொட்டியில் ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

தொட்டி விஷயத்துக்கு வருவோம். உங்கள் அளவுக்கு மொத்தக் கொள்ளளவு 255 லிட்டர். மணல், கல், மேலே விடும் இரண்டு அங்குல இடைவெளி எல்லாம் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி 10 மில்லிமீட்டர் கேளுங்கள். கண்ணாடி, தண்ணீர், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 400 கிலோ வரை வரும், அதனால் நடு ஹாலில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள். ஸ்டாண்டின் மேல் ஒரு தெர்மோகோல் ஷீட். ரசமட்டம் வைத்து நாலு மூலையும் பாருங்கள். ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடம் வேண்டாம். சிலிகான் ஒட்டிய தொட்டியில் புளித்த வாடை போகும் வரை, குறைந்தது ஐந்தாறு நாள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கல் வைப்பதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன். ம்பூனாக்களுக்குத் தோண்டுவது பிறவிக் குணம். வாய் நிறைய மணலை அள்ளி, இரண்டடி தள்ளிப் போய்த் துப்பிவிட்டு, திரும்பி வந்து அதே குழியில் தொடரும். எனது முதல் தொட்டியில் மணலைப் பரப்பி அதன்மேல் அழகாகக் கல் அடுக்கியிருந்தேன். ரெட் ஜீப்ரா என்ற ம்பூனா இனத்தின் ஆண் ஒன்று நாலு நாளாக ஒரே கல்லின் அடியில் வேலை செய்துகொண்டிருந்தது, அதை ரசித்துப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். ஐந்தாம் நாள் காலை அந்தக் கல் சரிந்து முன் கண்ணாடியில் சாய்ந்து நின்றது. கண்ணாடி தப்பியது. கல்லுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மஞ்சள் பெண் மீன், வால் மட்டும் வெளியே தெரிய, நசுங்கிக் கிடந்தது. அதன் வாயில் முட்டை இருந்தது. அன்றிலிருந்து நான் கல்லை மணல் மேல் வைப்பதில்லை. முதலில் வெறும் தரையில் கல், பிறகு சுற்றிலும் மணல். அடிக்கற்கள் நேராகத் தொட்டியின் தரையில் உட்கார வேண்டும், அவற்றுக்கு அடியில் மெல்லிய தெர்மோகோலோ பிளாஸ்டிக் ஷீட்டோ கொடுக்கலாம். மேற்கற்களைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆடுகிற இடத்தில் சிலிகான் வைத்து ஒட்டிவிடுங்கள்.

கல்லுக்காக அக்வேரியம் கடையில் கிலோ கணக்கில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடப்பா கல் விற்கிற கடைகளின் ஓரத்தில் வெட்டி எறிந்த துண்டுகள் கிடக்கும், கேட்டால் கொஞ்சம் காசுக்குத் தருவார்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, இந்த மீனின் தண்ணீருக்கு ஒத்துப்போகும். பாலிஷ் போடாத, எண்ணெய் தடவாத துண்டாகப் பார்த்து எடுங்கள். கூரிய விளிம்புகளை இன்னொரு கல்லில் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். தட்டைத் துண்டுகளைச் சின்னச் சின்னக் கற்களின் மேல் படுக்க வைத்து அடுக்கினால் குகைகள் தானாக அமையும். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் உள்ள குகைக்குள் துரத்தப்பட்ட மீனுக்கு வெளியேற வழியில்லை. அடுக்கு தண்ணீர் உயரத்தில் முக்கால் பங்கு வரைக்கும் வரலாம். இரண்டு தனிக் குவியலாக, நடுவில் வெற்றிடம் விட்டு வைத்தால், இரண்டு ஆண்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளும்.

மணலுக்கு நன்றாகக் கழுவிய ஆற்று மணலோ, நீச்சல் குளத்து ஃபில்டர் மணலோ போதும். எம்.சாண்ட் வேண்டாம், உடைத்த கல்லின் கூர்முனைகள் மணலை மென்று துப்புகிற மீனின் வாயையும் செவுளையும் கிழிக்கும். மணலோடு பத்தில் ஒரு பங்கு பொடித்த கிளிஞ்சல் கலந்தால், அல்லது ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால், காரத்தன்மை இறங்காமல் காக்கும். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பவளத்துண்டு போடச் சொல்லியிருப்பார்கள். இங்கே பவளத்தைத் தொடவே வேண்டாம். பவளப்பாறைகள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து திருடப்பட்ட துண்டு நம் ஹாலில் இருக்கக் கூடாது. சுண்ணாம்பு சுடுகிற சாதாரணக் கிளிஞ்சலே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஃபில்டரில் கஞ்சத்தனம் கூடாது. மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் வரை சுழற்றுகிற ஒரு கேனிஸ்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய ஃபில்டர்), பின்பக்க சம்ப்போ (ஃபில்டருக்கான தனி அறை), அதோடு ஒரு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வையுங்கள். ஸ்பாஞ்ச் எதற்கு என்றால், கரண்ட் போனால் அதை பேட்டரி ஏர் பம்ப்பில் மாட்டிவிடலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பேட்டரி பம்ப்பும், அது தீர்ந்த பிறகு மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியதும்தான் என் மீன்களைக் காப்பாற்றியது. அப்போது கற்றுக்கொண்ட இன்னொன்று: மூடிய கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா அழுகிப்போயிருக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள், திறந்து அந்த நாற்றத் தண்ணீரைக் கொட்டி, தொட்டி நீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

ஹீட்டர் சென்னையில் வேண்டாம். நமக்கு எதிர்ப் பிரச்சினை. மே மாதத்தில் தொட்டி நீர் 31, 32 போகும். சூடு ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள்.

பத்து நாளில் மீன் விடக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். மீன் வெளியேற்றுவது அம்மோனியா. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது வாரந்தோறும் தண்ணீர் மாற்றினால் தீர்ந்துவிடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் கிடையாது. அவை ஃபில்டரில் குடியேறிப் பெருக நம் ஊர் வெப்பத்தில் மூன்று வாரமாவது, பெரும்பாலும் ஐந்து ஆறு வாரமும் ஆகும். கப்பி மீன் வளர்க்கிறவர் இதில் கொஞ்சம் அசட்டையாக இருந்தும் தப்பிக்கலாம், சிக்லிட் வளர்க்கிறவர் தப்ப முடியாது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் கொடிய நச்சு. பி.எச். 7 உள்ள நீரில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. அதே அளவு அம்மோனியா, பி.எச். 8.3-இல், 28 டிகிரி வெப்பத்தில் இருந்தால் எட்டில் ஒரு பங்கு நச்சாகிவிடும். மீனுக்காக நாம் பார்த்துப் பார்த்து அமைத்த தண்ணீரே முதல் மாதத்தில் அதற்கு எதிரியாகிறது.

அதனால் மீன் இல்லாமலேயே தொட்டியைப் பழக்குங்கள். தண்ணீர் ஊற்றி ஃபில்டரை ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், அது அழுகி அம்மோனியா தரும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் டெஸ்ட் கிட் வாங்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் காட்டும். தெரிந்தவர் யாரிடமாவது நோயில்லாத தொட்டி இருந்தால், அவருடைய ஃபில்டரிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் துண்டு வாங்கி ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள், காலம் பாதியாகக் குறையும்.

இனி மீன். 'மிக்ஸ்டு' வேண்டாம் என்றேன். அந்தத் தொட்டியில் என்ன இனம் என்று விற்பவருக்கே தெரியாது, பாதி கலப்பினமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அதில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் அடித்துத் தொட்டியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். குறிப்பாக மூன்று மீன்களை முதல் தொட்டியில் விடாதீர்கள்: ஆரட்டஸ், கென்யி, பம்பிள்பீ. மூன்றுமே குஞ்சில் கொள்ளை அழகு. கென்யியில் சின்ன வயதில் எல்லாமே நீலம், வளர்ந்தபின் ஆண் மஞ்சளாகிவிடும், பெண் நீலமாகவே இருக்கும். பெரும்பாலான இனங்களுக்கு நேர்மாறு என்பதால், மஞ்சள்தான் பெண் என்று நினைத்து இரண்டு மூன்று ஆண்களை வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நண்பர் ஒருவர் ஒரே கென்யி ஆணிடம் இரண்டு வாரத்தில் ஏழு மீன்களை இழந்தார்.

உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது மூன்று இனங்கள். எலக்ட்ரிக் யெல்லோ எட்டு, யெல்லோ டெயில் அசெய் ஏழு, ரஸ்டி ஆறு. மொத்தம் இருபத்தொன்று. எலக்ட்ரிக் யெல்லோ ம்பூனாக்களில் மிகச் சாது, பத்து சென்டிமீட்டர் வரும், மஞ்சள் உடம்பில் முதுகுத்துடுப்பில் ஒரு கறுப்புக் கோடு. அசெய் ஊதா கலந்த நீலத்தில் மஞ்சள் வால். ஏரியில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைகளில் மேய்கிற மீன் அது, கல்லுக்காகச் சண்டை போடாது, கூட்டமாகத் தொட்டியின் மேல்பாதியில் நீந்தும். ரஸ்டி செம்பழுப்பில் ஊதா படிந்த நிறம், கடை வெளிச்சத்தில் எடுபடாது, வீட்டில் ஆறு மாதம் வளர்ந்தபின் பாருங்கள். ரஸ்டி கிடைக்காவிட்டால் சவுலோசி. ஆனால் சவுலோசிப் பெண்ணும் மஞ்சள் என்பதால் எலக்ட்ரிக் யெல்லோவோடு சேர்த்துப் பார்க்கையில் குழப்பும், அப்படியானால் மூன்றாவது இனமே இல்லாமல் மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். ரெட் ஜீப்ராவையும் எலக்ட்ரிக் யெல்லோவையும் ஒன்றாக விடாதீர்கள், எளிதில் கலந்து குஞ்சு பொரிக்கும். டெமசோனி என்ற நீலக்கோட்டு மீனைப் பார்த்து மயங்குவீர்கள். எட்டு சென்டிமீட்டர்தான் வளரும், ஆனால் தன் இனத்தையே விரட்டிக் கொல்லும். பதினைந்துக்குக் குறையாமல் வைத்தால்தான் அடி பரவலாகும். ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு யோசியுங்கள்.

இருபத்தொன்று என்பது அதிகமாகத் தோன்றும். ம்பூனாவில் குறைவாக வைத்தால்தான் ஆபத்து. ஐந்தாறு மீன்கள் மட்டும் இருந்தால் வலுத்த ஆண் ஒரே மீனைக் குறிவைத்துத் துரத்திக் கொன்றுவிடும். கூட்டம் இருந்தால் எதை விரட்டுவது என்று தெரியாமல் கோபம் சிதறிவிடும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்பது நல்ல கணக்கு. குஞ்சில் ஆண் பெண் தெரியாது, அதனால்தான் ஒவ்வொரு இனத்திலும் ஆறுக்குக் குறையாமல் சொல்கிறேன். வளர்ந்தபின் மிச்ச ஆண்களைக் கடையில் கொடுத்துவிடலாம். கூட்டம் அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதைத் தவறவிடக் கூடாது.

வாங்கும்போது ஒன்றரை அங்குலக் குஞ்சுகளாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வாங்குங்கள். கொளத்தூர் பக்கம் போனால் ஒரே இனத்தைத் தனியாக வைத்து வளர்க்கிறவர்களைப் பார்க்கலாம். தாய் மீனைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல வளர்ப்பாளர் சந்தோஷமாகக் காட்டுவார். ஒன்றரை அங்குலத்திலேயே பீகாக் குஞ்சு முழு ஆண் நிறத்தில் ஜொலித்தால் ஹார்மோன் கொடுத்திருக்கலாம், வேண்டாம். வயிறு ஒட்டிய மீன், கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கிற மீன் இருக்கிற தொட்டியில் மற்ற எதையும் வாங்காதீர்கள்.

பையைக் கொண்டுவந்ததும் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விட்டு, திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீர் சேர்த்து, அரை மணிக்குள் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணம் செய்து வந்த பை என்றால் இன்னும் சீக்கிரம். மூடிய பையில் மீனின் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா நச்சில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், உள்ளே இருக்கும் அம்மோனியா அப்போதுதான் விஷமாகும். அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிற கெடுதல். விட்டபின் அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். பின்னால் புதிய மீன் சேர்க்க நேர்ந்தால் மூன்று வாரம் தனி டிரம்மில் வைத்துப் பார்த்துவிட்டு, விடுகிற அன்று கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றுங்கள். எல்லா மீனும் புதிதாக இடம் பிடிக்க ஓடும், புதியது அதில் கலந்துவிடும்.

தீனி விஷயத்தில் அன்புதான் எதிரி. பாசி தின்று வாழ்கிற ம்பூனாவுக்குக் குடல் மிக நீளம். அதற்கு உறைய வைத்த புழு, டியூபிஃபெக்ஸ் புழு, மாட்டு இதயம் என்று கொழுத்த தீனி கொடுத்தால் வயிறு வீங்கி, தீனியை வாயில் எடுத்துத் துப்பி, வெள்ளையாக நூல் போல மலம் விட்டுச் சாகும். இதை மலாவி ப்ளோட் என்பார்கள். வீக்கம் வெளியில் தெரிந்தபின் காப்பாற்றுவது கஷ்டம். ஸ்பைருலினா என்ற பாசி முதன்மையாக உள்ள சிறு குருணைத் தீனி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரம் ஒருநாள் பட்டினி. வெந்நீரில் போட்டெடுத்த பாலக்கீரையோ வெள்ளரித் துண்டோ அவ்வப்போது கொடுக்கலாம். தீனி வேளையில் பின்தங்கி நிற்கிற மீனைக் கவனியுங்கள். நோய் முதலில் தெரிவது அங்கேதான்.

ஆனால் பின்தங்கி நிற்கிற எல்லா மீனும் நோயாளி இல்லை. எட்டு ஒன்பது மாதத்தில் ஒரு நாள் ஒரு யெல்லோ தீனிக்கு வராமல் கல்லிடுக்கில் நிற்கும். தாடை கீழே தொங்கிப் பை போலப் புடைத்திருக்கும், வாயை மெல்ல மெல்ல மென்றுகொண்டே இருக்கும். உள்ளே முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. மலாவிச் சிக்லிட் பெண்கள் முட்டையை வாயில் வைத்து அடைகாப்பவை. ஆண் மீனின் அடித்துடுப்பில் முட்டை போலவே வட்டமாக மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஆண் உடம்பை நடுங்கச் செய்து அந்தத் துடுப்பை விரித்துக் காட்டும். பெண் முட்டையிட்டு உடனே திரும்பி வாயில் அள்ளிக்கொண்டு, அந்தப் புள்ளிகளையும் முட்டை என்று நினைத்துக் கவ்வப் போகும்போது ஆணின் விந்து வாய்க்குள் போய் முட்டை கருவுறும். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பெண் ஏறக்குறைய ஒன்றும் தின்னாது. முதல் முறை நான் இதைப் பார்த்தபோது இரவு பதினொன்றரை மணி, டார்ச் வெளிச்சத்தில் அந்த மெல்லிய தாடைத் தோலுக்குள் கறுப்புக் கண்கள் ஜோடி ஜோடியாக அசைந்தன. எண்ண முயன்று பன்னிரண்டோடு விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பதினைந்து நாள் கழித்துத் தனித் தொட்டிக்கு மாற்றினால் குஞ்சுகள் பிழைக்கும், தாயும் இளைப்பாறும். மாற்றாமல் விட்டால் பெரும்பாலான குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும், கல்லிடுக்கில் ஒன்றிரண்டு தப்பி வளரும். ஒரு கட்டத்தில் குஞ்சு மிஞ்சிப்போகும். நண்பர்களுக்குக் கொடுங்கள், கடையில் கொடுங்கள். ஏரியிலோ கூவத்திலோ விடவே கூடாது. ஜிலேபி என்ன செய்தது என்று மேலே சொன்னேன், தொட்டியில் வளர்த்து விட்ட சக்கர் மீன் இன்று நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

பிறந்தநாளுக்கு வருகிறேன். அன்றைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு கடப்பா கல் பொறுக்கப் போங்கள். எந்தக் கல்லுக்கு மேல் எந்தக் கல் என்று அவனே தீர்மானிக்கட்டும், ஆடுகிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் கழுவுவது அவன் வேலை, தெளிந்த தண்ணீர் வரும் வரை. வெறும் தொட்டியில் முதல் சிட்டிகைத் தீனியை அவன் கையால் போடட்டும், டெஸ்ட் கிட் நோட்டையும் அவனிடமே கொடுத்துவிடுங்கள். நைட்ரைட் குழாய் சில வாரம் ஊதாவாகவே இருக்கும். அது வெளிர்நீலமாகி, இரண்டு நாள் அப்படியே நின்றதும் எனக்கு எழுதுங்கள். அந்த வாரம் யாரிடம் நல்ல யெல்லோ குஞ்சு இருக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.